இரவு மாத்திரை, இசப்கோல், விளக்கெண்ணெய்: எதை எப்போது எடுப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். அம்மாவுக்கு 64 வயது. கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டில் இருக்கிறார், நீங்கள் வேலைக்காகத் திருப்பூரில். மூன்று வருடமாக மெடிக்கலில் வாங்கிய சின்ன மஞ்சள் மாத்திரையை ராத்திரி போட்டால்தான் காலையில் அவருக்கு வெளிக்குப் போகிறது. "தினமும் போட்டால் குடல் சோம்பேறி ஆகிவிடும்" என்று யாரோ சொல்ல, பயந்துபோய் நிறுத்திவிட்டார். நான்கு நாள் ஒன்றுமே போகவில்லை. ஐந்தாம் நாள் ஒரே நேரத்தில் இரண்டு மாத்திரை போட்டு, வயிறு முறுக்கி, பல தடவை போய்ச் சுருண்டு படுத்துவிட்டார். இனிமேல் இசப்கோல் கொடுக்கலாமா, விளக்கெண்ணெய் கொடுக்கலாமா, பாட்டில் மருந்து நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், பிரஷர் மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை மூன்றும் சாப்பிடுகிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கொடைக்கானல் மலையில் நெடுங்காலம் மருந்தாளுநராக வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். மலமிளக்கிகளில் நல்லது, கெட்டது என்று பிரிக்க முடியாது. சிக்கல் எங்கே இருக்கிறது, மருந்து எத்தனை மணி நேரத்தில் வேலை செய்யும், சாப்பிடுகிறவர் போதுமான தண்ணீர் குடிப்பாரா என்ற மூன்றையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அம்மா போட்டது பிஸகோடில் 5 மில்லிகிராம். டல்கோலாக்ஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்தது. அட்டையின் பின்பக்கம் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெருங்குடலைத் தூண்டி அசைய வைக்கிற வகை இது. சரியான அளவில் சாப்பிட்டால் குடல் நரம்பு செத்துப்போகும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. இன்று புழக்கத்திலேயே இல்லாத பழைய, கடுமையான பேதி மருந்துகளின் காலத்தில் கிளம்பிய பயம் அது.

அப்படியானால் நிறுத்தியதும் ஏன் நான்கு நாள் போகவில்லை? சாதாரணமாக நாம் ஒரு தடவை போகும்போது பெருங்குடலின் கடைசிப் பகுதிதான் காலியாகிறது. தூண்டும் மாத்திரை போட்டால் அதற்கு மேலே இருப்பதும் சேர்ந்து இறங்கிவிடும். குடல் மறுபடி நிரம்பி, மலக்குடல் வரை வந்து, போக வேண்டும் என்ற உணர்வு வருவதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஏற்கெனவே மந்தமான குடலாக இருந்தால் இன்னும் ஒரு நாள் கூடும். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இரண்டாவது நாளே பயந்து மறுபடி மாத்திரை, மறுபடி முழுசாகக் காலி, மறுபடி காத்திருப்பு. அவசரத்துக்கு வாங்கிய மாத்திரை தினசரி மாத்திரையாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

தினமும் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாரத்துக்கு மூன்று தடவைதான் என்றாலும், முக்காமல், இளக்கமாக, முழுசாகப் போன திருப்தியோடு எழுந்திருக்க முடிந்தால் அதற்கு மருந்து தேவையில்லை. தினமும் போனாலும் அரை மணி நேரம் முக்கி, ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலு துண்டு விழுந்தால் அதுதான் மலச்சிக்கல்.

சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு ஒரு நாளைக்கு சுமார் ஒன்றரை லிட்டர் நீர்த்த சாறு வந்து சேருகிறது. அதில் மிகப் பெரும் பகுதியைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ளும். மலத்தோடு வெளியே போகிற தண்ணீர் 100 முதல் 150 மில்லிதான். எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ அவ்வளவுக்குக் காயும். ஆகவே கோளாறு மூன்று விதமாக வரலாம். சாப்பாட்டில் சக்கை குறைந்து, தண்ணீரும் குறைந்து, மலம் சிறுத்துக் காய்ந்துபோவது ஒன்று. குடலின் அசைவே மந்தமாவது இன்னொன்று. மூன்றாவது, எல்லாம் வாசல் வரை வந்து அங்கேயே இறுகி நிற்பது. மலமிளக்கிகளில் இத்தனை வகை இருப்பது இதனால்தான்.

இசப்கோலிலிருந்து தொடங்குகிறேன், அதைத்தான் எல்லோரும் தீங்கில்லாதது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளைகிற ஒரு செடியின் விதைமேல் இருக்கும் உமி அது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுப் பத்து நிமிஷம் விட்டுப் பாருங்கள். ஸ்பூனை நிறுத்தினால் நிற்கிற அளவுக்குக் கெட்டியான கூழாகியிருக்கும். குடலிலும் அதேதான் நடக்கிறது. உமி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஊதும், மலத்தின் பருமன் கூடும், பருமன் கூடினால் குடல் சுவர் விரிந்து தானாகத் தள்ளும். முதல் வகைக் கோளாறுக்கு, அதாவது சக்கை குறைவால் வருகிற சிக்கலுக்கு, இது மிக நல்ல மருந்து. ஆனால் இன்று சாப்பிட்டு நாளை காலை எதிர்பார்க்கக் கூடாது. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும்.

இது தண்ணீரை வெளியிலிருந்து எதிர்பார்க்கிற மருந்து. கலக்கினால் உடனே குடித்துவிட வேண்டும், அதன்மேல் இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், நாள் முழுக்கவும் குடிக்க வேண்டும். மலையில் இதுதான் சிக்கல். குளிரில் தாகமே எடுக்காது. காலையில் ஒரு வரக்காப்பி, பத்து மணிக்கு ஒரு டீ, மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர் தண்ணீர் என்று நாளை ஓட்டுகிறவருக்கு இசப்கோல் கொடுத்தால், ஏற்கெனவே காய்ந்த மலத்தோடு இந்தக் கூழும் சேர்ந்து இறுகும். வயிறு உப்பி, "இசப்கோல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வந்து சொன்னவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதுதான். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், குடல் அடைப்பு இருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர்கள், டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு இசப்கோல் வேண்டாம். படுக்கப் போகிற நேரத்திலும் வேண்டாம். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரையின் ஒரு பகுதி அந்தக் கூழிலேயே சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீரைக் குடலுக்குள்ளேயே பிடித்து வைக்கிற வகை. உடம்பு உறிஞ்ச முடியாத ஒரு பொருளைக் கொடுத்தால் அது தன்னோடு தண்ணீரைத் தக்கவைத்துக்கொண்டு பெருங்குடல் வரை போகும், மலம் காயாது. லாக்டுலோஸ் சிரப் இதில் ஒன்று. இனிப்பாக, தேன் பதத்தில் இருக்கும். பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து அமிலங்களாக்கும், அதனால் வாயு கொஞ்சம் அதிகமாகப் பிரியும். வேலை செய்ய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். கல்லீரல் சுருங்கி மயக்க நிலைக்குப் போகிற நோயாளிகளுக்கும் இதே சிரப்பைக் கொடுப்பார்கள், மலச்சிக்கலுக்காக மட்டுமல்ல, ரத்தத்தில் அமோனியாவைக் குறைப்பதற்காகவும். அதனால் "மலச்சிக்கல் மருந்துதானே, இன்றைக்கு வேண்டாம்" என்று அவர்களுக்கு நிறுத்திவிடக் கூடாது.

இதே வகையில் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பவுடர் இருக்கிறது. நாள்பட்ட மலச்சிக்கலுக்கு, வயதானவர்களுக்கும், மருத்துவர் சொல்கிற அளவில் குழந்தைகளுக்கும், நான் அதிகம் நம்புவது இதைத்தான். 17 கிராம் பவுடரை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். குடலில் புளிக்காது, அதனால் வாயுத் தொல்லை குறைவு. சர்க்கரை கிடையாது, நீரிழிவு உள்ளவர்களுக்கும் பொருந்தும். ஒன்றிலிருந்து மூன்று நாளில் பலன் தெரியும். அந்த மூன்று நாள் பொறுக்காமல் "இது வேலைக்காகாது" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

மில்க் ஆஃப் மெக்னீஷியாவும் தண்ணீரை இழுக்கிற வகைதான், ஆனால் வேகம் அதிகம். அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு மெக்னீசியம் ரத்தத்தில் தேங்கும், அது இதயத்தையும் நரம்பையும் பாதிக்கும். நீண்ட நாள் பிரஷரும் சர்க்கரையும் இருக்கிறவர்கள் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் இதைத் தொடர்ந்து சாப்பிடவே கூடாது.

இந்த வகை மருந்து பழமாகவும் நம் மலையில் விளைகிறது. பிளம்ஸிலும் பேரிக்காயிலும் சார்பிட்டால் என்ற, உடம்பு மெதுவாகவும் அரைகுறையாகவும் மட்டுமே உறிஞ்சுகிற ஒரு சத்து இருக்கிறது. உலர்ந்த பிளம்ஸை நாளைக்கு 100 கிராம் கொடுத்துப் பார்த்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், அது இசப்கோல் வகை உமியைவிட நன்றாகவே வேலை செய்தது. கோடையில் பிளம்ஸ், அதைத் தொடர்ந்து பேரி என்று கூடை கூடையாகக் கீழே அனுப்புகிறோம். வீட்டில் இருக்கிற பெரியவர்களோ பல் கூசுகிறது என்று தொடுவதில்லை. பேரிக்காயைத் தோலோடு சன்னமாக நறுக்கி ஆவியில் வேக வைத்துக் கொடுங்கள், பல் இல்லாதவர்களும் சாப்பிடுவார்கள். அப்புறம் விருப்பாட்சி மலை வாழைப்பழம். பண்ணைக்காட்டில் இருக்கிறவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் கறுத்து நன்றாகக் கனிந்ததாக இருக்க வேண்டும். செங்காயாக இருந்தால் அதன் மாவுச்சத்தும் துவர்ப்பும் சேர்ந்து வயிற்றைக் கட்டினாலும் கட்டும்.

மூன்றாவது, தூண்டுகிற வகை. பிஸகோடில், சோடியம் பிகோசல்ஃபேட், நிலாவாரை. நிலாவாரை நம் தென்மாவட்டச் செடி, திருநெல்வேலியின் பெயராலேயே உலகச் சந்தைக்குப் போவது. நாட்டு மருந்துக் கடையில் சூரணமாக வாங்கினாலும், இங்கிலீஷ் மருந்துக் கடையில் சென்னோசைடு மாத்திரையாக வாங்கினாலும் குடலுக்குள் நடப்பது ஒன்றுதான். பெருங்குடல் பாக்டீரியா அதை உடைக்கும், உடைந்த பொருள் குடல் சுவரைத் தூண்டும், அசைவும் கூடும், நீரும் சுரக்கும். ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு "இயற்கை மருந்துக்கு மாறிவிட்டேன்" என்று நிலாவாரைச் சூரணம் சாப்பிடுகிறவர் அதே வகையில்தான் இருக்கிறார். சூரணத்தில் அளவு தெரிவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்த வகைக்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குப் போட்டால் விடிகாலையில் வேலை செய்யும். அதனால் மறுநாள் அதிகாலை வத்தலக்குண்டுக்கு இறங்குகிற பஸ்ஸைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் அன்று ராத்திரி போடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் வயிறு முறுக்கினால் இறங்கக்கூட இடம் இருக்காது. பிஸகோடில் மாத்திரையின் மேலே ஒரு பூச்சு உண்டு, இரைப்பையைத் தாண்டிய பிறகுதான் அது கரைய வேண்டும். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. பாலோடும், அசிடிட்டிக்குக் குடிக்கிற மருந்தோடும் சேர்த்துப் போடக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பால் காப்பியோடு போட்டால் பூச்சு முன்கூட்டியே கரைந்து, வயிறு எரிந்து, மேலே பிடித்து இழுக்கிற வலி வரும்.

ஒன்று வேலை செய்யாவிட்டால் இரண்டு, இரண்டு போதாவிட்டால் மூன்று என்று தானாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் இதில் தவறு. அடிக்கடி பேதியாகும்போது பொட்டாசியம் இறங்கும். நீர் பிரிவதற்கான மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்சினோ சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து.

விளக்கெண்ணெய்க்கு வருகிறேன். சிறுகுடலில் அது செரிமானமாகி ரிசினோலிக் அமிலம் என்ற பொருளைத் தரும். அது குடல் தசையை நேரடியாகச் சுருங்க வைக்கும். 2 முதல் 6 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், ஆனால் முறுக்கு வலியோடு, தண்ணீராக. நம் வீடுகளில் மாதத்துக்கு ஒருமுறை, வருஷத்துக்கு ஒருமுறை என்று பேதிக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. குடலில் அழுக்குச் சேர்கிறது, கழுவ வேண்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கர்ப்பிணிகள் விளக்கெண்ணெய் குடிக்கவே கூடாது, கருப்பையையும் அது சுருங்க வைக்கும். சின்னக் குழந்தைகளுக்கும், 64 வயது அம்மாவுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நீர் வற்றினால் குழந்தையும் வயதானவரும் சீக்கிரம் துவண்டுவிடுவார்கள்.

பாட்டில் மருந்து என்று நீங்கள் கேட்பது, குலுக்கி ஊற்றுகிற வெள்ளை மருந்தாக இருக்க வேண்டும். லேபிளைப் படியுங்கள். அநேகமாக லிக்விட் பாரஃபின், மில்க் ஆஃப் மெக்னீஷியா இரண்டும் இருக்கும், சிலவற்றில் சோடியம் பிகோசல்ஃபேட்டும் சேர்ந்திருக்கும். லிக்விட் பாரஃபின் ஒரு கனிம எண்ணெய், மலத்தின்மேல் வழவழப்பாகப் படிந்து வழுக்கிக் கொண்டு வரும். மூலம், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்களுக்குச் சில நாள் கொடுப்பதில் தப்பில்லை. மாதக்கணக்கில் குடித்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் ஒட்டாமல் போகும். வயதானவர் படுத்தபடி குடித்துப் புரையேறினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய் அங்கே ஒரு விதமான நிமோனியாவை உண்டாக்கும். உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், படுக்கப் போகிற நேரத்தில் கூடாது. மலத்தை மென்மையாக்கும் என்று டாக்குசேட் மாத்திரையும் விற்கிறார்கள். அதனால் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் வாசல் வரை வந்து இறுகிக் கிடக்கிறது என்றால் மேலே இருந்து எதைக் கொடுத்தாலும் வலிதான் கூடும். அப்போது கீழிருந்து வைக்கிற மருந்து வேண்டும். கிளிசரின் சப்போசிட்டரி, அதாவது ஆசனவாய்க்குள் வைக்கிற மருந்து, பெரும்பாலும் 15 முதல் 30 நிமிஷத்தில் வேலை செய்யும். பிஸகோடிலிலும் சப்போசிட்டரி இருக்கிறது, அது 15 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் எடுக்கும். எனிமாவை வயதானவர்களுக்கு வீட்டில் வைத்து நாமே கொடுக்க வேண்டாம். பாஸ்பேட் எனிமா சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உப்புச் சமநிலையையே கெடுத்துவிடும். ஒரே நாளில் இரண்டாவது எனிமா கொடுப்பது அதைவிட ஆபத்து.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் மறந்துவிடாதீர்கள். படுக்கையில் இருக்கிற பாட்டிக்கு ஐந்தாறு நாள் போகவில்லை, திடீரென்று தண்ணீராகக் கசிய ஆரம்பிக்கிறது, துணியெல்லாம் நனைகிறது. வீட்டில் என்ன நினைப்பார்கள்? பேதி பிடித்துக்கொண்டது என்று நினைத்து, நிறுத்துகிற மாத்திரையை வாங்கிக் கொடுப்பார்கள். உள்ளே மலக்குடலில் இறுகிய மலம் அப்படியே இருக்கும், மேலே இருந்து வரும் நீர் அதைச் சுற்றி வழிந்து கசிகிறது, அவ்வளவுதான். நிறுத்துகிற மாத்திரை அங்கே நஞ்சு. டாக்டரோ நர்ஸோ கையுறை போட்டு விரலால் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். கூச்சப்பட்டு இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே, புருகலோபிரைடு, லூபிபுரோஸ்டோன் போன்ற புதிய மாத்திரைகளும் இருக்கின்றன. மற்றவற்றை முறையாகப் பார்த்தும் பலன் இல்லாதபோது மருத்துவர் எழுதுவார்.

மருந்துக்கு வெளியே, மலையில் இருக்கிறவர்களுக்கென்று சில காரணங்கள் உண்டு. காப்பிப் பழம் பறிக்கப் போகிற பெண்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள், தோட்டத்தில் ஒதுங்க மறைவிடம் இருக்காது, சாயந்திரம் வரை அடக்குவார்கள். வெளியே கட்டிய கக்கூஸுக்கு ராத்திரிக் குளிரில் போக வேண்டுமே என்று வயதானவர்கள் பொழுது சாய்ந்ததும் தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள். வருகிற உணர்வை அடக்கிக்கொண்டே இருந்தால் மலக்குடல் அதை உணர்த்துவதையே குறைத்துக்கொள்ளும், உள்ளே நிற்பதும் மேலும் காயும். எழுந்ததும் சுடுதண்ணீரோ காப்பியோ குடித்து, ஏதாவது சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்தில்தான் பெருங்குடல் தானாக நன்றாக அசையும். அந்த நேரத்தை வேலை, பஸ் என்று விட்டுவிடக் கூடாது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்து வெஸ்டர்ன் டாய்லெட் வைத்திருந்தால், காலுக்குக் கீழே ஒரு குட்டை முக்காலி போட்டு, இடுப்பைவிட முழங்கால் உயரமாக இருக்கும்படி உட்காரச் சொல்லுங்கள். சுடுதண்ணீரை ஃபிளாஸ்கில் ஊற்றி அடுப்படியில் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். பச்சைத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் குளிரில் யாரும் குடிக்க மாட்டார்கள். பட்டர் பீன்ஸ், சௌசௌ, கேரட், கீரை எல்லாம் வாசலிலேயே கிடைக்கிற ஊர். தனியாக இருக்கிற பெரியவர்கள் ஒரு ரசமும் அப்பளமும் வைத்துச் சாப்பாட்டை முடித்துக்கொள்வதுதான் பிரச்சினை.

இனி அம்மா விஷயம். சிக்கல் எங்கே என்று உறுதியாகத் தெரிகிறவரை விளக்கெண்ணெய் வேண்டாம், பாட்டில் மருந்து வேண்டாம், இசப்கோலும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் அங்கேயுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிந்த டாக்டரிடமோ வயிற்றையும் மலக்குடலையும் பார்க்கச் சொல்லுங்கள். இறுகி நிற்கவில்லை என்றால், டாக்டரிடம் கேட்டு பாலிஎத்திலீன் கிளைகால் பவுடரைத் தினமும் ஒருவேளை தொடங்கலாம். மூன்று நாள் பொறுக்க வேண்டும். மூன்று நாளும் ஒன்றும் போகவில்லை என்றால் அன்று ராத்திரி மட்டும் ஒரு பிஸகோடில், இரண்டு கூடாது. இப்படிச் சில வாரம் ஓடி, மலம் இளகி, பயம் விட்டதும் பவுடரைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். தண்ணீர் குடிக்கிற பழக்கம் வந்த பிறகு இசப்கோலைச் சேர்க்கலாம், ஒரு ஸ்பூனில் தொடங்கி.

இப்போது அந்தக் கடைசி வரி. கால்சியம் மாத்திரை வயிற்றைக் கட்டும். இரும்புச்சத்து மாத்திரை நன்றாகவே கட்டும். பிரஷர் மாத்திரைகளில் வெராபமில் அதிகமாகவும், அம்லோடிபின் சிலருக்கும் கட்டும். இருமல் சிரப்பில் கோடீன், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ அமிட்ரிப்டிலின், அலுமினியம் கலந்த அசிடிட்டி மருந்து என்று வேறு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போகச் சொல்லுங்கள். எதையும் தானாக நிறுத்த வேண்டாம். இரும்பை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம், கால்சியத்தை மாற்றலாம், அதை அவர் சொல்வார். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் மலச்சிக்கல் வரும், அதற்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஆனால் நான் கேட்க நினைத்த கேள்வி வேறு. இரும்புச்சத்து மாத்திரை அவருக்கு ஏன் எழுதப்பட்டது? மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆன பெண்ணுக்கு ரத்தசோகை என்றால், ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். வயிற்றிலோ பெருங்குடலிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கசியலாம், கண்ணுக்குத் தெரியாது. இரும்பு மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகத்தான் போகும், அதனால் கறுப்பைப் பார்த்தும் சந்தேகம் வராது. தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் அது மாத்திரையின் நிறம் இல்லை. மலச்சிக்கலும் ரத்தசோகையும் இந்த வயதில் ஒன்றாக இருந்தால், மலமிளக்கியை மாற்றி மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 50 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலம் கழிக்கிற பழக்கம், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் மெலிந்து போவது, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது ஆகியவையும் அப்படித்தான். பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. இருந்து, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்த முடியும். வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் போனாலோ, காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி இருந்தாலோ எந்த மலமிளக்கியும் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கொலனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, பார்க்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் குடல்நோய்ப் பிரிவு இருக்கிறது. இரும்பு மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யக் கொடுப்பது பெரும்பாலும் அதே பாலிஎத்திலீன் கிளைகால்தான், உப்புகளோடு சேர்த்து, லிட்டர் கணக்கில். அதைக் குடித்துவிட்டு மலைப் பஸ்ஸில் இறங்க முடியாது. அதனால் முந்தின நாள் காலையிலேயே அம்மாவைக் கீழே அழைத்து வந்து, மதுரையிலோ திண்டுக்கல்லிலோ சொந்தக்காரர் வீட்டில், பக்கத்திலேயே கக்கூஸ் இருக்கிற அறையில் தங்க வையுங்கள். நீங்களும் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள்.